வாசல் மணியும் வீட்டார் மணியும்

எமது மட்டக்களப்புப் பகுதியில் பெண்ணுக்கு வீடு சீதனமாகக் கொடுப்பது நெடுநாள் வழக்கம். முன்னர் தாய்வீட்டு வளவிலேயே மகளுக்கும் ஒரு வீடு எழும்பும். வளவு சுருங்கிய இந்நாளில் அவ்வீடு மேல்மாடியாக எழும்புகின்றது. கல்லடியில் எமது இல்லமும் அத்தகையதே. கீழே மாமியார், மேலே நாம்.

வாசலிலே கம்பியில்லா அழைப்புமணி ஒன்றைப் பூட்டிப் பெருமைப்பட்டிருந்தேன். ஓரிரவு மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்தார். அவர் கூப்பிட்ட குரல் மாடியை எட்டவில்லை. விடியற்காலை தேநீருடன் இறங்கிய என் மனைவியே அவரைக் கண்டாள். நல்லகாலம், எலும்பு முறியவில்லை. வருவோர் அழைப்பதற்கு மணி வைத்தோம். வீட்டிலிருப்போர் அழைப்பதற்கு வைத்தோமில்லை!

மின்மணி புதியதொன்றன்று. 1831 ஆம் ஆண்டளவில் அமெரிக்க விஞ்ஞானி யோசப் ஹென்றி ஒரு மைலுக்கும் நீண்ட கம்பியினூடாக மின்னோட்டம் செலுத்தி மணியொலிக்கச் செய்தார். பொத்தானை அழுத்தியதும் மின்காந்தம் சிறு சுத்தியலை இழுத்து மணியில் அடிக்கும். இழுபட்டவுடன் தொடுப்பு அறும், சுத்தியல் மீளும், தொடுப்புக் கூடி மறுபடியும் அடிக்கும்.

மாடிவீடு கட்டுவோர் சுவர் பூசுமுன்னரே மணிக்குரிய கம்பிக்குக் குழாய் பதித்தல் நன்று. இரும்புக் கம்பி செறிந்த கொங்கிறீட் தளம் கம்பியில்லா மணியின் அலைகளை நலிவிக்கும். வாசலில் மாடிக்கொரு பொத்தானும் வெவ்வேறு ஓசையும் வேண்டும். மேல்வீட்டு விருந்தினருக்காக முதியவர் எழுந்து நடக்கலாகாது.

இவற்றினும் முக்கியமானது வீட்டார் மணி. முதியவரின் கட்டிலருகே ஒரு பொத்தான், குளியலறையில், விழுந்து கிடப்பவருக்கும் எட்டுமாறு தரைவரை தொங்கும் இழுகயிறு, மேல்மாடியில் மணி. ஈரமுள்ள இடத்திற்கு 230 வோல்ட் மின்சாரத்தைக் கொண்டுசெல்லலாகாது. 6 வோல்ட் மணியைத் தெரிந்துகொண்டால் நான்கு உலர்மின்கலங்களே போதும். 2022 இல் நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டை அனுபவித்த நமக்கு இதன் அருமையைச் சொல்லவேண்டியதில்லை.

ஒன்று மட்டும் மறவாதீர். கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட எமது நிலத்தில் உப்புக்காற்று உலோகத் தொடுப்புகளை அரித்துவிடும். ஒலியாத மணி இல்லாத மணியிலும் கேடானது. அதனை நம்பியல்லவா உறங்குகின்றோம்! ஆகவே கிழமைக்கொருமுறை அடித்துப் பார்த்தல் வேண்டும்.

எமது வீட்டில் அதற்குரிய நாள் ஞாயிறு. காலையில் மாமியார் கயிற்றை இழுக்கின்றார். மேலே மணி கணகணக்கின்றது. சோதனைதான் என்று தெரிந்தும், பேத்தி படிகளில் ஓடி இறங்குகின்றாள்.