பேய்க்கும் ஒரு பெயர் உண்டு

சென்ற மாதம் வகுப்பு முடிந்து வெளியே வந்தபோது மாணவன் ஒருவன் கைப்பேசியை நீட்டினான். "ஐயா, இதப் பாருங்க. நம்ம மலையடிவாரத்துல எடுத்தது." ஓடு சரிந்த பழைய தோட்டத்து பங்களா. இருட்டு, டார்ச் வெளிச்சம், உறுமும் பின்னணி இசை. அவனும் நண்பர்கள் மூவரும் கிசுகிசுத்தபடி அறை அறையாகப் போகிறார்கள். எங்கோ கதவு கிறீச்சிடுகிறது, நால்வரும் ஓடுகிறார்கள். அந்தக் கட்டடம் யாருடையது, எப்போது எழுந்தது, ஏன் பாழானது என்பது பற்றி ஒரு சொல் இல்லை. 'இங்க செத்தவங்க ஆவி அலையுது' என்ற ஒற்றை வரியோடு வரலாறு முடிந்துவிட்டது.

இளைஞர்களின் விளையாட்டு, விட்டுவிடுங்கள் என்பார்கள் நண்பர்கள். விட முடியாது என்பதே என் கட்சி.

பேய் உண்டா இல்லையா என்ற பட்டிமன்றத்துக்கு நான் வரவில்லை. அதை மணிமேகலை எப்போதோ முடித்துவைத்துவிட்டது. சுடுகாட்டில் பேயைக் கண்டு அஞ்சி உயிர்விடுகிறான் சார்ங்கலன். அவன் உடலோடு வந்து முறையிடும் தாய் கோதமையிடம், உயிரைக் கொண்டது பேயன்று என்றே சம்பாபதி விடை சொல்கிறாள். இன்றைய பகுத்தறிவு மேடைகள் சொல்வதைக் காப்பியம் அன்றே சொல்லிவிட்டது. ஆனால் அத்தோடு அது நின்றுவிடவில்லை. என் உயிரை எடுத்துக்கொண்டு மகனைத் திருப்பிக் கொடு, கண்ணில்லாத என் கணவனை அவன் காப்பாற்றுவான் என்று அந்தத் தாய் கெஞ்சுவதையும் சொல்கிறது. செத்தவனுக்குப் பெயர் இருக்கிறது, குடும்பம் இருக்கிறது, அவனை நம்பி ஓர் உயிர் இருக்கிறது. கலிங்கத்துப்பரணியின் பேய்களும் காரணமின்றிக் கூழ் சமைக்கவில்லை. அவற்றின் பின்னால் ஒரு போர் இருக்கிறது, பிணங்கள் குவிந்த ஒரு களம் இருக்கிறது.

நம் கிராமத்து மரபு இன்னும் நேர்மையானது. அநியாயமாய் மாண்டவர்களை அது பேயாகவே விட்டுவைப்பதில்லை. ஒரு கல் நட்டு, பெயர் சொல்லி, ஆண்டுக்கொரு முறை படையல் போடும். அச்சத்தைக் கடனாக மாற்றிக்கொள்ளும் வழி அது. இன்றைய பேய் வேட்டைக்காரர்கள் அச்சத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, கடனையும் பெயரையும் கழற்றி எறிந்துவிட்டார்கள். என் சண்டை இங்கேதான் தொடங்குகிறது.

எங்கள் மலையையே எடுத்துக்கொள்வோம். மூணாற்றில் ஒரு குன்றின்மேல் எலினார் இசபெல் மே என்ற ஆங்கிலப் பெண்ணின் கல்லறை இருக்கிறது. தோட்ட அதிகாரி ஹென்றி மான்ஸ்பீல்டு நைட்டை மணந்து மலையேறி வந்த சில நாட்களிலேயே, 1894 டிசம்பரில், 24 வயதில் காலராவுக்குப் பலியானாள். குன்றின் அடியில் 1910-இல் தேவாலயம் எழுந்தது. அவள் கதை பயணக் கட்டுரைகளில் இன்றும் தொடர்ந்து வருகிறது. அவள்மேல் எனக்கு வருத்தமில்லை. அந்த வயதுச் சாவு எந்த மொழியிலும் துயரம்தான்.

அதே மலையில் 1902-இல் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாள வண்டி ஓடியது. 1908-இல் அது குறுகிய இருப்புப்பாதையானது. தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவழியாகக் கொட்டகுடிக்கு இறங்கி, அங்கிருந்து போடிக்கு வந்தன. மலையாளிகள் 'தொண்ணூற்றொன்பது வெள்ளம்' என்று சொல்லும் 1924-ஆம் ஆண்டு வெள்ளம் இருப்புப்பாதையை அடித்துச் சென்றது. பாருங்கள், எந்திரங்களின் ஆண்டுகள் எல்லாம் நம்மிடம் இருக்கின்றன. கம்பித்தூண் நட்டவன், பெட்டி சுமந்தவன், மலைக்காய்ச்சலில் விழுந்தவள் இவர்களின் பெயர்கள் எங்கே?

அவர்கள்தான் அந்தக் காணொளியின் 'ஆவிகள்'. துரைசானிக்குக் கல்லறை, கூலிக்காரிக்குப் பேய்ப் பட்டம். செத்த பிறகும் இந்த வரிசை மாறவில்லை.

2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மண் சரிந்து லயன் வீடுகளோடு 70 பேர் புதைந்தார்கள். நால்வரின் உடல் கிடைக்கவே இல்லை. அவர்களுடைய பெயர்ப் பட்டியல் இன்று நம்மிடம் இருக்கிறது. நாம் மறந்துவிட்டால், நாளை அங்கேயும் ஒருவன் டார்ச்சோடு போய் நிற்பான்.

"பேய்க் கதையாலாவது பழைய கட்டடங்கள் கவனிக்கப்படுகின்றனவே" என்று ஒரு வாதம் வரும். சென்னை ஆழ்வார்பேட்டை டிமான்டி காலனி 2015-இல் திரைப்படமாகவே வந்துவிட்டது. டி மான்டி என்ற போர்ச்சுகீசிய வணிகர் யார் என்று அதன்பிறகு எத்தனை பேர் தேடிப் படித்தோம்? போடி அரண்மனையின் லட்சுமி விலாசத்தில் சுவரோவியங்கள் உண்டு என்று வகுப்பில் சொன்னேன். முதலில் எழுந்த கேள்வி: "அங்க பேய் இருக்குமா ஐயா?" பழைய சுவர் என்றாலே பேய் என்று பழகிய கண்ணுக்கு ஓவியம் தெரியாது. பேய்க்கட்டடம் என்று பெயர் விழுந்த பிறகு யாரும் காவல் நிற்பதில்லை. தேக்குக் கதவும் நிலையும் மட்டும் எந்தப் பேய்க்கும் அஞ்சாமல் வெளியேறிவிடுகின்றன.

சிற்றிதழ் வாசகர்களான நமக்கும் இதில் பங்குண்டு. 'அமானுஷ்யம்', 'மாய யதார்த்தம்' என்று சொல்லி, பாழடைந்த பங்களாவில் ஒரு வெள்ளைப் புடவையை உலவவிட்டால் கதை முடிந்தது என்று எழுதியவர்கள் நம்மிலும் இருக்கிறார்கள். அந்தப் புடவைக்காரி எந்த ஊரிலிருந்து, எந்தக் கங்காணியின் பின்னால் மலையேறினாள் என்று நாம் கேட்கவில்லை.

அந்த மாணவனைத் திட்டி அனுப்பவில்லை. "உங்க அம்மாச்சி ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போனவங்களா? கேட்டுட்டு வாப்பா" என்றேன். ஒரு வாரம் கழித்து வந்தான். அம்மாச்சியின் அக்காள் தேவாரத்திலிருந்து சாக்கலூத்து மெட்டுப் பாதையில் ஏறிப்போய், காய்ச்சல் கண்டு மலையிலேயே இறந்துபோனாராம். அடக்கம் செய்த இடம் யாருக்கும் தெரியாது. அந்தப் பெயரைத்தான் தன் தங்கைக்கு வைத்திருக்கிறார்கள் என்பது அன்றைக்குத்தான் அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

மறுபடியும் அந்த பங்களாவுக்குப் போகப்போவதாகச் சொன்னான், இந்த முறை பகலில். போகட்டும். அந்தப் பெயரைச் சொல்லித் தொடங்கினால், அவன் காணொளியை முதல் ஆளாக நானே பார்ப்பேன்.