7 சீட் காரா, வேகனா? தைப்பூசத்துக்கு முன்னால ஒரு வார்த்தை

கோயில் தொண்டூழியத் தம்பி ஒருத்தர் கேட்டாரு: "அண்ணே, பழைய வேகன் ஒண்ணு மலிவா வருது. அத எடுக்கவா, அல்சா எடுக்கவா?"

சாமான் ஏத்த வேகனுக்கு ஈடு இல்ல. தாழ்வா இருக்கும், அண்டா, அரிசி மூட்டை சுலபமா ஏறும். ஆனா ஆளுக்கு 5 இடந்தான். மிச்ச பிள்ளைங்கள பின்னால சாமானோட உட்கார வச்சோம். பினாங்குப் பாலம் வராத காலம். பீடோங் தோட்டத்துலருந்து பட்டர்வொர்த் ஃபெர்ரிக்கு நாங்க அப்படித்தான் போனோம். ஒரு தடவ அப்பா திடீர்னு பிரேக் போட்டாரு. தங்கச்சி நெத்தியில 4 தையல். தழும்பு இன்னும் இருக்கு.

அதனால, தாத்தா பாட்டியோட இருக்கற குடும்பத்துக்கு அல்சா, எக்சோரா மாதிரி 7 சீட் காரே சரி. ரெண்டும் 2009ல வந்தது, பழசாவும் கிடைக்கும். பாட்டிக்கு நடு வரிசை குடுங்க, பின்னால ஏறுறது சிரமம். மூணாவது வரிசைய நிமிர்த்தினா சாமானுக்கு இடம் இருக்காது, அதையும் நினைச்சுக்குங்க. 7 சீட்னா 7 பேர், 10 பேர் இல்ல. சின்னப் பிள்ளைக்குத் தனி இருக்கை 2020லருந்து சட்டம்.

அண்டாவ கோயில் லாரியில குடுங்க, நாங்க ஏத்திட்டு வர்றோம். பிள்ளைங்களுக்கு பெல்ட் போட்டுக் கூட்டிட்டு வாங்க. முருகன் துணை.