பிட்டுக்கு மண் சுமந்த ஊர்

மதுரையை அழகுபடுத்தப் போகிறோம் என்று யாராவது கிளம்பினாலே எனக்குப் பயம் பிடித்துக்கொள்கிறது. அழகு என்றால் இங்கே சிமெண்டு என்று அர்த்தம். 2016இல் இந்த ஊர் 'ஸ்மார்ட் சிட்டி' பட்டியலில் ஏறிற்று. பிறகு வைகையின் கரைகளில் சுவர் எழும்பியது. சுவரை ஒட்டிச் சாலை வந்தது. ஆறு இனிப் பத்திரம் என்கிறார்கள். யாரிடமிருந்து? நம்மிடமிருந்தா?

இத்தனை அடி வெள்ளம்தான் வரும் என்ற கணக்கை நம்பி நிற்பது சுவர். அதற்கு மேல் ஓர் அடி வந்தால் அதற்கு வேறு யோசனை தெரியாது. கட்டி முடித்த நாளே அதற்கு நல்ல நாள். மறுநாள் முதல் தேய்மானம்தான்.

இந்தச் சமவெளியில் நம் முன்னோர் வெட்டிய கண்மாய்கள் அப்படிப்பட்டவை அல்ல. கோடையில் கண்மாய் வற்றும். குடியானவன் வண்டி கட்டிக்கொண்டு வந்து வண்டலை அள்ளித் தன் வயலில் கொட்டுவான். வயல் கொழுத்தது, கண்மாயும் ஆழப்பட்டது. வறட்சியே மராமத்தாயிற்று! மழை மிஞ்சினால் கலுங்கு வழியே அடுத்த கண்மாய்க்கு நீர் இறங்கும். கரை எங்கே இளைத்திருக்கிறது என்பதை வெள்ளம் காட்டிக்கொடுக்கும். அந்த இடத்தில் இரண்டு கூடை மண் கூடுதலாக விழும். அடி வாங்கி உரம் ஏறிய கரை அது.

திருமலை நாயக்கர் 17ஆம் நூற்றாண்டில் அமைத்த வண்டியூர்த் தெப்பக்குளத்தைப் பாருங்கள். பல வருஷம் வறண்டு கிடந்தபோது பையன்கள் அதற்குள் கிரிக்கெட் ஆடினார்கள். நீர் நிறைந்தால் தெப்பம் மிதக்கிறது. வைகை மணலும் அப்படித்தான். சித்திரையில் அழகரைச் சேவிக்க வரும் லட்சக்கணக்கான ஜனங்களுக்கு அதுவே மைதானம். ஒரே உபயோகத்துக்கென்று பூட்டி வைக்காத இடங்கள் எந்தக் காலத்தையும் தாங்குகின்றன.

நாமோ கண்மாய்களைக் காலி மனைகளாகக் கண்டோம். உலகனேரிக் கண்மாய் நிலத்தில் 2004இல் உயர்நீதிமன்றக் கிளையே எழுந்தது. கண்மாயின் வழக்கை இனி எந்த வாசலில் தொடுப்பது? 2024 அக்டோபரில் சில மணி நேரம் பெய்த மழைக்கே செல்லூர்ப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. மழையைக் குற்றம் சொல்வது சுலபம். கண்மாயையும் கால்வாயையும் குறுக்கியது மழையா?

"பழைய குடிமராமத்துக்குத் திரும்பச் சொல்கிறீரா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அந்த ஏற்பாட்டில் மண் சுமந்த முதுகு பெரும்பாலும் ஏழையின் முதுகு. வெள்ளைக்காரன் 1858இல் அதைக் கட்டாய வேலைச் சட்டமாகவே ஆக்கினான். அந்தக் கொடுமை வேண்டாம்.

ஆனால் வந்திக் கிழவியின் கதையை மறக்கவும் வேண்டாம். கரையில் அவள் பங்கை அடைக்கக் கூலியாளாக வந்த சொக்கநாதர் வேலை செய்யாமல் விளையாடினார்; பாண்டியன் அடித்த பிரம்படி ஊரார் அத்தனை பேர் முதுகிலும் விழுந்தது. உடைப்பு யாருடைய பங்கில் என்றாலும் அடி எல்லாருக்கும்தான்.

ஆகையால் நான் கேட்பது இதுதான். ஒவ்வொரு வார்டிலும் மிஞ்சியிருக்கும் கண்மாயையும் கால்வாயையும் அந்த வார்டு ஜனங்களின் பொறுப்பில் விடுங்கள். வேலைக்குக் கூலி கொடுங்கள். செலவுக்குப் பணமும், ஆக்கிரமிப்பைத் தடுக்க அதிகாரமும் கொடுங்கள். வருஷா வருஷம் மழைக்கு முன் அவர்களே கரையைப் பார்க்கட்டும். மழைக்குப் பின் அவர்களே திருத்தட்டும். இதைச் செய்யாமல் சுவர்களுக்கு வர்ணம் அடித்துத் திறப்புவிழா நடத்துகிறவர்களுக்குக் கைதட்ட நான் வரமாட்டேன்.