தலையெழுத்தா, தாளெழுத்தா?

“இவன் மண்டையில் படிப்பு ஏறாது, ஐயா! இவன் தலையெழுத்து அவ்வளவுதான்!”

நெய்வேலிச் சுரங்கத்தில் ஒப்பந்தக் கூலியாக உழைக்கும் தந்தையொருவர், மகனின் மதிப்பெண் அட்டையை என் கையில் கொடுத்துவிட்டுக் கூறிய சொற்கள் இவை. பத்தாம் வகுப்பு மாணவன் அவன். கணக்கில் 19, அறிவியலில் 22. அவருக்கு இந்த எண்ணத்தை ஊட்டியவர் யார்? முன்பு அவனுக்குப் பாடம் சொன்ன ஆசிரியராம்! படித்தவர் பேசினார்; பாமரர் நம்பினார்; பாலகனும் நம்பிவிட்டான்.

தோழர்களே! தலையெழுத்தை நான் கண்டதில்லை. ஆகவே, “எப்படிப் படிக்கிறாய்?” என்று கேட்டேன். “தேர்வுக்கு முந்தின இரவு முழுதும் விழித்திருந்து, புத்தகத்தைத் திரும்பத் திரும்பப் படிப்பேன், ஐயா” என்றான். குறை எங்கே? மண்டையிலா, முறையிலா?

நாம் வாழும் நகரமே விடை சொல்லுமே! 1957 மே 20ஆம் நாள், பிரதமர் நேரு இங்கே சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். பழுப்பு நிலக்கரி கண்ணுக்குத் தெரிந்தது எப்போது? 1961 ஆகஸ்டில்! நான்கு ஆண்டுகளுக்கும் மேலாக வெட்டி அகற்றியது மண்! அடியிலிருந்து நிலத்தடி நீர் முட்டித் தள்ளியது. இரவும் பகலும் இறைத்தார்கள். “இந்த மண்ணின் தலையெழுத்து இவ்வளவுதான்” என்று அன்று கைவிட்டிருந்தால், இன்று அனல்மின் நிலையம் ஏது? ஓரிரவில் உருவான சுரங்கம் உலகில் உண்டா? ஓரிரவுப் படிப்பை மட்டும் நம்புவானேன்?

மறதிக்கும் ஒரு கணக்கு உண்டு. ஹெர்மன் எபிங்ஹவுஸ் எனும் ஜெர்மானிய அறிஞர், பொருளற்ற அசைகளை மனனம் செய்து, தம்மையே சோதித்து, 1885இல் முடிவை வெளியிட்டார். கற்றதில் பெரும்பகுதி ஒரே நாளில் நழுவிவிடுகிறது. பல நாட்களில் இடைவெளி விட்டுக் கற்றாலோ, குறைந்த உழைப்பிலேயே நிலைக்கிறது.

2006இல் அமெரிக்க ஆய்வாளர்களான ரோடிகரும் கார்ப்பிக்கியும் கல்லூரி மாணவரை ஒரு பாடத்தை இருமுறை படிக்கச் செய்தனர்; மற்றொன்றை ஒருமுறை படித்தபின், ஏட்டை மூடி நினைவிலிருந்து எழுதச் செய்தனர். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது, இருமுறை படித்ததே வென்றது. ஒரு வாரம் கழித்து? இருமுறை படித்ததில் எஞ்சியது 100க்கு 42. மூடி எழுதியதில் எஞ்சியது 56!

இதைத்தான் அந்த மாணவனுக்குச் சொன்னேன். மாலையில் நூலை மூடிவிட்டு, அன்று கற்றதைத் தாளில் எழுது. பிறகு திறந்து பார்த்து, விட்டதைக் குறித்துக்கொள். விட்டதை நாளையும், மூன்றாம் நாளும், ஏழாம் நாளும் மறுபடி எழுது. கணக்கா? விடையை மறைத்துவிட்டுப் போடு. தேர்வுக்கு முந்தின இரவு உறங்கு. செலவு? பழைய தாளின் பின்புறமும் ஒரு பென்சிலும்!

நம் மாவட்டத்தில் நடப்பதென்ன? தேர்வு நெருங்கினால், பேனாவைத் தூக்கிக்கொண்டு திருவந்திபுரத்து மலையேறுகிறார்கள், குதிரைமுகக் கடவுளின் அருள் பெற! பேனாவுக்குப் பூசை, அது எழுத வேண்டிய தாளுக்கோ பட்டினி!

இதனால் நட்டம் யாருக்கு? வசதி படைத்தவன் பேனாவுக்குப் பூசையும் போடுவான், பிள்ளைக்குத் தனிப்பயிற்சியும் வைப்பான். ஏழைக்கு எஞ்சுவது தலையெழுத்து ஒன்றுதான்! 1953இல் ராஜாஜி ஆட்சி, கிராமத் தொடக்கப் பள்ளிகளில் படிப்பு நேரத்தைக் குறைத்து, மிச்ச நேரத்தில் குடும்பத் தொழிலைக் கற்கச் சொன்னது. நாடு கொதித்தது, 1954இல் அத்திட்டம் ஒழிந்தது. “படிப்பு ஏறாது, அப்பனோடு வேலைக்கு அனுப்பு” என்று இன்று ஓர் ஆசிரியர் சொல்கிறாரே, அது என்ன? சட்டத்தில் செத்தது, வகுப்பறையில் உயிரோடு உலவுகிறது!

அந்த மாணவன் என்ன ஆனான் என்கிறீர்களா? முதல் வாரம் அவன் தாள் ஏறக்குறைய வெறுமையாகவே இருந்தது. அழுதான், ஆனாலும் எழுதினான். அரையாண்டுத் தேர்வில் கணக்கில் 43. மாநில முதன்மை அல்ல, மாயமும் அல்ல. “ஏறாது” என்றார்களே, ஏறியிருக்கிறது!

இளைஞர்களே! ஊர்தோறும் நமக்குப் படிப்பகங்கள் உண்டு. பட்டணத்துப் பட்டதாரிகளும் இருக்கிறீர்கள். மாலை இரண்டு மணி நேரம் அங்கே பத்துப் பிள்ளைகளை அமர்த்துங்கள். நூலை மூடச் சொல்லுங்கள், தாளைக் கொடுங்கள், எழுதியதைத் திருத்துங்கள். தலையெழுத்தை மேடையில் சாடியது போதாது. ஒரு பிள்ளையின் தாளிலே அதைப் பொய்யாக்கிக் காட்டுங்கள்!