குட்டி யானைக்கு 16 ஆயிரம், ஏறிப் போகிறவருக்கு ஒன்றுமில்லை

கரும்பு வெட்டுக்கும் நடவுக்கும் காலனியிலிருந்து ஆட்களை ஏற்றிப் போவது பல ஊர்களில் சரக்கு வண்டிதான். விடியற்காலை 5 மணிக்குப் பேருந்து வராத ஊரில் வேறு வழியில்லை. இது சட்டப்படி குற்றம் என்பது ஏற்றுகிறவருக்கும் தெரியும், ஏறுகிறவருக்கும் தெரியும். வண்டி கவிழ்ந்த பிறகுதான் இன்னொன்று தெரியவருகிறது. அந்த வண்டியின் இன்சூரன்ஸ் கணக்கில் ஏறிப் போனவர்கள் இல்லவே இல்லை.

சரக்கு வண்டியில் இலவசமாக ஏறியவருக்குக் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பல்ல என்று ஆஷா ராணி வழக்கில் 2002-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2019 திருத்தம் அதைச் சட்டப் பிரிவிலேயே எழுதிவிட்டது. வேலைக்கு அழைத்த நிலக்காரர் பெரும்பாலும் வழக்கிலேயே வருவதில்லை. தொகை முழுவதும் வண்டி உரிமையாளர் தலையில் விழுகிறது. சில வழக்குகளில் நிறுவனம் முதலில் கொடுத்துவிட்டு அவரிடம் வசூலித்துக்கொள்ள உத்தரவாகிறது. அவர் யார்? பல இடங்களில் தாட்கோ கடனில் வண்டி எடுத்த அதே தெரு இளைஞர்.

இத்தனைக்கும் அவர் கொஞ்சமாகக் கட்டவில்லை. 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி, மொத்த எடை 7,500 கிலோ வரையுள்ள நான்கு சக்கர வாடகைச் சரக்கு வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு 16,049 ரூபாய். ஜி.எஸ்.டி. தனி. சுமையோடு சேர்த்து இரண்டு டன்கூட வராத குட்டி யானைக்கும் ஏழு டன் லாரிக்கும் ஒரே தொகை! மூன்று சக்கர சரக்கு ஆட்டோவுக்கு 4,492 ரூபாய்தான். மூன்று டன்னுக்குக் கீழே தனிக் கட்டணம் வைக்க மத்திய அரசுக்கு என்ன தடை?

ஏற்றி இறக்கும் கூலியாட்களுக்குத் தலைக்குச் சிறு தொகை கட்டிப் பாலிசியில் சேர்க்கும் வழி ஏற்கெனவே உண்டு. வயலுக்குப் போகும் கூலிகளுக்கும் அதைத் திறந்துவிட வேண்டும். இது விதிமீறலை வளர்க்கும் என்பார்கள். காலையில் பேருந்து விடட்டும், யாரும் சரக்கு வண்டியில் ஏற மாட்டார்கள்.

அடுத்தது, யார் தவறு என்று நிரூபிக்காமலே கிடைக்கும் இழப்பீடு. 164-ஆவது பிரிவின்படி 2022 ஏப்ரல் முதல் இறப்புக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம். 2018 அறிவிக்கையிலும் இறப்புக்கு இதே 5 லட்சம்தான். ஆனால் அதில் ஆண்டுக்கு 5 சதவீத உயர்வு இருந்தது. புதிய பிரிவில் அது காணாமல் போனது.

இதில் ஒரு கண்ணியும் இருக்கிறது. இந்தத் தொகையைச் சமரசமாக ஏற்றுக்கொண்டால் தீர்ப்பாயத்தில் போட்ட மனு காலாவதியாகிவிடும். சாலையோரம் நடந்து போகையில் லாரி மோதி இறந்த 25 வயதுத் தொழிலாளியை எடுத்துக்கொள்வோம். மாத வருமானம் 10,000 ரூபாய், நம்பியிருப்போர் நான்கு பேர். உச்ச நீதிமன்றம் வகுத்த கணக்கில் எதிர்கால வருமானத்துக்கு 40 சதவீதம் கூட்டி, சொந்தச் செலவுக்குக் கால் பங்கு கழித்து, 18-ஆல் பெருக்கினால் 22 லட்சத்து 68 ஆயிரம் வருகிறது. ஈமச் சடங்கு முடியாத வீட்டில் 5 லட்சத்துக்குக் கையெழுத்து வாங்குவது எளிது.

பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமான வரம்பு இல்லாமலே இலவச வழக்கறிஞர் உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்கலாம். எந்தத் தாளிலும் கையெழுத்திடும் முன் அங்கே போய்விட வேண்டும்.