டர்பனைப் பாருங்கள், தோழர்களே!

எச்.ஐ.வி.யை உடலிலிருந்து அடியோடு நீக்கும் ஆய்வு அமெரிக்க, ஐரோப்பிய மருத்துவமனைகளைத் தாண்டி வெளியே வந்துவிட்டது. ஆப்பிரிக்காவில் தொடங்கியாயிற்று. நாளை எச்.ஐ.வி. மாத்திரை தரும் நம் ஊர் ஏஆர்டி மையத்துக்கும் வரலாம். வந்தால் நம்மிடம் ஒன்றைக் கேட்கும்: "கொஞ்ச காலம் மாத்திரையை நிறுத்துங்கள்." அதற்கு நாம் தயாராக இருக்கிறோமா, தோழர்களே?

மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிட்டுவந்தால் பெரும்பாலும் ரத்தத்தில் வைரஸ் தென்படாது. ஆனால் சில செல்களுக்குள் அது பதுங்கியே இருக்கும். புதிய மருந்து அதை ஒழித்ததா என்று அறிய, தினசரி மாத்திரையை நிறுத்திவிட்டுக் காத்திருப்பதைத் தவிர இன்றைக்கு வேறு உறுதியான வழி இல்லை. அமெரிக்காவின் மிசிசிப்பியில் பிறந்த ஒரு குழந்தைக்கு நோய் நீங்கிவிட்டது என்று 2013இல் உலகமே மகிழ்ந்தது. இரண்டு ஆண்டுக்கு மேல் மருந்தில்லாமல் இருந்த அந்தக் குழந்தையின் ரத்தத்தில் 2014இல் வைரஸ் திரும்பி வந்தது.

வைரஸ் திரும்புவது ஆய்வுக்கூடத்துக்கு, ரத்தத்தில் வைரஸ் அளவைக் காட்டும் வைரல் லோடு வரைபடத்தில் மேலே ஏறும் ஒரு கோடு. நமக்கு அது குடும்பம். வைரஸ் தென்படாத நிலையில் உடலுறவில் இணையருக்குத் தொற்றாது என்ற நிம்மதியில்தான் நம்மில் பலர் கல்யாணம் செய்தோம், பிள்ளை பெற்றோம். மாத்திரையை நிறுத்தினால் அந்த நிம்மதியும் போகும். ஐரோப்பாவில் இப்படி ஒரு சோதனையின்போது பங்கேற்றவரின் இணையருக்குத் தொற்றியது மருத்துவ இதழிலேயே பதிவாகியிருக்கிறது. வீட்டில் சொல்லாமல் ஆய்வில் சேர்ந்த பெண், கணவரிடம் ஆணுறை போடச் சொல்ல முடியுமா? அடிக்கடி ரத்தம் கொடுக்கப் போக, வேலை செய்யும் இடத்தில் என்ன காரணம் சொல்வாள்? வைரஸ் திரும்பினால் அந்த இரவில் யாரிடம் அழுவாள்? இதற்கெல்லாம் நுண்ணோக்கியில் விடை கிடைக்காது. குடும்பத்தையும் கூலியையும் ஊர்ப்பேச்சையும் ஆராய்கிற சமூக ஆய்வாளர்களுக்குத்தான் தெரியும். அவர்களைக் கடைசியில் கவுன்சலிங் கொடுக்க மட்டும் கூப்பிடுவது போதாது. சோதனையைத் திட்டமிடும் முதல் நாளே அவர்கள் இருக்க வேண்டும்.

தென்னாப்பிரிக்காவின் டர்பனைப் பாருங்கள். 1998இல் தனக்கு எச்.ஐ.வி. இருப்பதை வெளியே சொன்னதற்காக குகு தலாமினி என்ற பெண் அடித்துக் கொல்லப்பட்டது அந்த நகரத்தின் குவாமாஷுவில்தான். அதே டர்பனின் உம்லாசியில் 2012இல் 'ஃப்ரெஷ்' என்ற திட்டம் தொடங்கியது. 18 முதல் 23 வயதுவரை உள்ள, தொற்று இல்லாத பெண்கள் வாரம் இரண்டு முறை வருவார்கள். விரல் நுனியில் ரத்தம் எடுத்து வைரஸ் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அதே நாளில் கணினி, வேலைக்கான பயிற்சி, தன்னம்பிக்கை, உடல்நலம் பற்றிய வகுப்புகள் நடக்கும்.

அந்த வகுப்புகளை ஆய்வின் ஓரத்தில் செய்த தருமம் என்று நினைத்துவிடாதீர்கள். நோயில்லாத இளம்பெண் வாரம் இருமுறை விரலைக் குத்திக்கொள்ள ஏன் வர வேண்டும்? தன் வாழ்க்கைக்கு அங்கே ஏதோ கிடைத்ததால் வந்தாள். தொடர்ந்து வந்ததால், தொற்றிய சில நாட்களிலேயே வைரஸ் பிடிபட்டது. உடனே சிகிச்சை தொடங்கியதால் பதுங்கிய வைரஸின் அளவும் குறைந்தது. தென்னாப்பிரிக்காவின் முதல் எச்.ஐ.வி. நீக்கச் சோதனை அந்தத் திட்டத்தின் மேல்தான் எழுந்தது. மாத்திரையை நிறுத்திய 20 பெண்களில் 6 பேர் சோதனை முடியும்வரை மாத்திரை இல்லாமலே இருந்தார்கள் என்று 2025இல் அறிவித்தார்கள். அவர்களில் 4 பேர் அதன் பிறகும் அப்படியே தொடர்ந்தார்கள். இதை இன்னும் குணம் என்று சொல்ல முடியாது. ஆனால் சமூக ஆய்வு இல்லாமல் இந்த இடத்துக்கும் வந்திருக்க முடியாது. உலகில் எச்.ஐ.வி. உள்ளோரில் பாதிக்கு மேல் பெண்கள். அப்படியிருந்தும் நீக்க ஆய்வுகளில் பெண்களின் பங்கு 11 சதவீதம் அளவில்தான் இருந்தது என்று 2016இல் கணக்கிட்டார்கள். அந்த வெட்கக்கேட்டுக்கு டர்பன் பதில் சொல்லியிருக்கிறது.

மனிதரை மறந்த அறிவியல் என்ன செய்யும் என்பது சென்னைக்குத் தெரியும். 1986இல் டாக்டர் சுனிதி சாலமனும் நிர்மலா செல்லப்பனும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளை இங்கேதான் கண்டறிந்தார்கள். அது பெரும் சாதனை. ஆனால் அதன் பின், தொற்று உள்ளது என்று தெரிந்த பாலியல் தொழிலாளர்கள் அரசு இல்லங்களில் அடைத்து வைக்கப்பட்டார்கள். அவர்களை வெளியே கொண்டுவர நீதிமன்றம் போக வேண்டியிருந்தது.

ஆகவே தோழர்களே, இப்போதே கிளம்புங்கள். சமூகவியலும் சமூகப்பணியும் படிக்கும் தம்பி தங்கைகளே, உங்கள் ஆய்வேட்டுக்கு இந்தக் கேள்விகளை எடுங்கள். மருத்துவத் தோழர்களே, திட்டவரைவு எழுதும்போதே எங்களையும் சமூக ஆய்வாளர்களையும் கூப்பிடுங்கள். எச்.ஐ.வி. உள்ளோரின் பாசிட்டிவ் கூட்டமைப்புத் தோழர்களே, ஒப்புதல் படிவத்தைத் தமிழில் கேட்டு வாங்குங்கள். வைரஸ் எவ்வளவு ஏறினால் மாத்திரை திரும்பத் தருவீர்கள், எங்கள் இணையருக்குத் தடுப்பு மருந்து யார் தருவார், இழந்த கூலிக்கு யார் பொறுப்பு என்று கேளுங்கள். பதில் எழுத்தில் வரும்வரை கையெழுத்துப் போடாதீர்கள். நம் முழு ஒப்புதலின்றி நம்மை ஆய்வுக்கு உட்படுத்தக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டமே சொல்கிறது. இந்த மாதக் கூட்டத்திலேயே இதை முதல் பொருளாக எடுத்துப் பேசுங்கள்.