மலிவான ஆயுதம், கனமான பொறுப்பு

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை இரவு, பலதுறைத் தொழிற்கல்லூரியில் என்னுடன் படிக்கும் நண்பன் கைப்பேசியில் ஒரு காணொளியை அனுப்பியிருந்தான். உக்ரேன் போர்முனையில் எடுக்கப்பட்டது. ஓர் ஆளில்லா வானூர்தி வயல்வெளிக்கு மேல் தாழப் பறக்கிறது. கீழே ஒரு ராணுவ வீரர் ஓடுகிறார். ஒரு கட்டத்தில் நின்று திரும்பிப் பார்க்கிறார். படம் சட்டென்று அறுந்துவிடுகிறது.

அந்த வீரருக்கு முன்பே என் கண்ணில் பட்டவை திரையின் ஓரத்தில் இருந்த எண்கள்தான். மின்கலனில் எவ்வளவு மின்சாரம் மீதமிருக்கிறது, பறக்கத் தொடங்கி எத்தனை நிமிடம் ஆகிறது என்று காட்டும் எண்கள். இணைப்பாட நடவடிக்கையின்போது உள்விளையாட்டரங்கில் நான் ஓட்டும் கையளவு வானூர்தியிலும் அதே எழுத்துருவில் அதே எண்கள்தான் தெரியும். ‘பீட்டாஃபிளைட்’ என்ற இலவச மென்பொருள் காட்டும் எண்கள் அவை. பொழுதுபோக்காக வானூர்தி ஓட்டுபவர்கள் உலகெங்கிலுமிருந்து சேர்ந்து எழுதிய மென்பொருள் அது. இன்று போர்முனையிலும் அது பறக்கிறது.

அப்பா பக்கத்தில் அமர்ந்திருந்தார். தரைப்படையில் தேசிய சேவை முடித்து, போர்க்காலப் படைவீரராகப் பல ஆண்டுகள் பயிற்சிக்குப் போய்வந்தவர். காணொளியைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“அவன் கையைத் தூக்கினானாடா?”

என்னிடம் பதில் இல்லை. நான் எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். படிப்பு முடிந்ததும் அடுத்த ஆண்டு நானும் தேசிய சேவைக்குச் செல்லவிருக்கிறேன். அப்பாவின் கேள்வி இன்னும் என் மனத்தைவிட்டுப் போகவில்லை. இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதும் அதுதான்.

மாறியது விலை

போரில் ஆளில்லா வானூர்தி புதிதல்ல. 2001ஆம் ஆண்டு அக்டோபரில் ஆப்கானிஸ்தானில் அமெரிக்காவின் ‘பிரிடேட்டர்’ ஏவுகணை வீசியது. ஆனால், அன்று அது பணக்கார வல்லரசின் ஆயுதம். அதை இயக்கத் துணைக்கோள் இணைப்பு, ஓடுபாதை, பயிற்சிபெற்ற குழு, மில்லியன் கணக்கான டாலர் எல்லாம் தேவைப்பட்டன.

இருபது ஆண்டுகளுக்குள் நிலைமை மாறத் தொடங்கியது. 2020ல் நகோர்னோ-கராபாக் வட்டாரத்துக்காக அஸர்பைஜானும் ஆர்மீனியாவும் 44 நாள் போரிட்டன. அஸர்பைஜான் தன்னிடமிருந்த ‘ஏஎன்-2’ எனும் பழைய இரட்டை இறக்கை விமானங்களை விமானி இல்லாமல் பறக்கவிட்டது. ஆர்மீனியப் படை அவற்றைச் சுட்டு வீழ்த்த முயன்றபோது, அதன் ஆகாயத் தற்காப்புக் கருவிகள் எங்கே மறைத்துவைக்கப்பட்டுள்ளன என்பது தெரிந்துவிட்டது. அதன் பிறகு துருக்கியின் ‘பைரக்டார் டிபி2’ வானூர்திகளும் இஸ்ரேலில் தயாரான தற்கொலைத் தாக்குதல் வானூர்திகளும் அவற்றைத் தேடி அழித்தன. பெரிய விமானப்படை இல்லாத நாடும் வானத்தை ஆளலாம் என்பதை உலக ராணுவங்கள் அப்போது கண்டுகொண்டன.

2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரேன்மீது முழுவீச்சில் படையெடுத்தபின் விலை இன்னும் இறங்கியது. நான்கு விசிறி, ஒரு கேமரா, ஒரு மின்கலன், அடியில் கட்டிய வெடிகுண்டு. ஓட்டுநர் கண்ணை மூடும் திரைக்கண்ணாடி அணிந்து, தானே அதில் அமர்ந்து பறப்பதுபோல் அதை இலக்குக்கு ஓட்டிச் செல்வார். இத்தகைய வானூர்தி ஒன்றைச் செய்யச் சில நூறு அமெரிக்க டாலர் போதும். 2024ல் மட்டும் இரண்டு மில்லியனுக்கும் அதிகமான ஆளில்லா வானூர்திகளைத் தயாரித்ததாக உக்ரேன் கூறியது. அதே ஆண்டு அவற்றுக்கென்றே ராணுவத்தில் ஒரு தனிப் படைப்பிரிவையும் அது அமைத்தது.

எதிர்ப்பக்கக் கணக்கையும் பாருங்கள். அமெரிக்கா உக்ரேனுக்கு 31 ‘ஏப்ரம்ஸ்’ டாங்கிகளை வழங்கியது. ஒரு டாங்கியின் விலை ஏறக்குறைய 10 மில்லியன் டாலர். வானிலிருந்து தேடிவந்து தாக்கும் வானூர்திகளுக்கு அஞ்சி, 2024 ஏப்ரலில் அவற்றை முன்னணியிலிருந்து பின்னுக்கு நகர்த்தவேண்டியதாயிற்று.

ஒளிய இடமில்லை

போர்முனைக்குப் பின்னால் பாதுகாப்பான இடம் ஒன்று உண்டு என்பது பழைய போர்களின் நியதி. வீரர்கள் அங்கே இளைப்பாறலாம், காயமடைந்தோருக்குச் சிகிச்சை தரலாம், உணவு லாரிகள் வந்துபோகலாம். இப்போது போர்முனையின் இருபுறமும் பல கிலோமீட்டர் ஆழத்துக்கு எது அசைந்தாலும் மேலிருந்து தெரிகிறது. தெரிந்த சில நிமிடங்களில் தாக்கப்படுகிறது.

வானூர்திக்கும் ஓட்டுநருக்கும் இடையிலான வானொலி அலைகளைத் தடுக்கும் கருவிகள் முதலில் ஓரளவு கைகொடுத்தன. அதற்கும் மாற்று வந்தது. 2024 முதல் இரு தரப்பும் தலைமுடி போன்ற கண்ணாடி இழையைப் பின்னால் விட்டுக்கொண்டே பறக்கும் வானூர்திகளைப் பயன்படுத்துகின்றன. சமிக்ஞை இழை வழியே போவதால் அதைத் தடுக்க முடியாது. அறுந்த இழைகள் வயல்களிலும் மரங்களிலும் சிலந்தி வலைபோல் படர்ந்து கிடக்கின்றன.

முன்னணியில் மட்டுமல்ல, தொலைதூரத்திலும் ஒளிய இடமில்லை. 2025 ஜூன் 1ஆம் தேதி, லாரிகளில் ஏற்றிய மரக்கூண்டுகளுக்குள் ஒளித்துக் கொண்டுசெல்லப்பட்ட 117 வானூர்திகளை ரஷ்யாவுக்குள்ளிருந்தே உக்ரேன் பறக்கவிட்டது. அவை ரஷ்ய விமானத் தளங்களில் நின்ற குண்டுவீச்சு விமானங்களைத் தாக்கின. தாக்கப்பட்ட தளங்களில் ஒன்று, உக்ரேனிய எல்லையிலிருந்து 4,000 கிலோமீட்டருக்கும் அப்பால் சைபீரியாவில் உள்ளது.

நம் துறைமுகம் வரை

இதெல்லாம் எங்கோ தொலைவில் நடப்பதுதானே என்று நாம் நினைக்கலாம். 2023 இறுதியிலிருந்து ஏமனின் ஹூதிப் படையினர் ஆளில்லா வானூர்திகளாலும் ஏவுகணைகளாலும் செங்கடலில் வணிகக் கப்பல்களைத் தாக்கினர். கப்பல்கள் சூயஸ் கால்வாயைத் தவிர்த்து ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றி வந்தன. பயண அட்டவணைகள் குலைந்து, 2024ன் நடுப்பகுதியில் சிங்கப்பூர்த் துறைமுகத்தில் கப்பல்கள் நெரிசலில் காத்துக் கிடந்தன.

2019 ஜூன் மாதம் சாங்கி விமான நிலையத்துக்கு அருகே அனுமதியின்றி வானூர்திகள் பறந்ததால் ஓர் ஓடுபாதை அவ்வப்போது மூடப்பட்டு, ஓரிரவில் 37 விமானங்கள் தாமதமானதும் நினைவிருக்கலாம். அவற்றில் வெடிகுண்டு எதுவும் இல்லை. இன்று 250 கிராமுக்கு மேற்பட்ட வானூர்தியை இங்கு பறக்கவிடும் எவரும் அதைப் பதிவுசெய்தாக வேண்டும்.

தற்காப்பில் இன்னொரு சிக்கலும் உண்டு. ரஷ்யா ஏவும் ஈரானிய வகை ‘ஷாஹெட்’ வானூர்தியின் விலை சில பத்தாயிரம் டாலர் என்று மதிப்பிடப்படுகிறது. அதை வீழ்த்தக்கூடிய ‘பேட்ரியட்’ ஏவுகணை ஒன்றின் விலையோ மில்லியன் கணக்கில். கொசுவை அடிக்கப் பீரங்கி வாங்கிய கதைதான். தாக்குபவருக்கு மலிவு, தற்காப்பவருக்கு நட்டம்.

துல்லியம் வேறு, உண்மை வேறு

இதில் நன்மையே இல்லையா என்று கேட்கலாம். உண்டு. தன்னைவிடப் பெரிய படையை எதிர்த்து உக்ரேன் ஆண்டுக்கணக்கில் நிற்பதற்கு ஆளில்லா வானூர்திகள் ஒரு முக்கியக் காரணம். பிறப்பு விகிதம் குறைந்துவரும் நம்மைப் போன்ற சிறிய நாட்டுக்கும் இந்தத் தொழில்நுட்பம் தேவை. அதை நான் மறுக்கவில்லை. தேசிய சேவையில் வானூர்தி ஓட்டச் சொன்னால் மகிழ்ச்சியோடு ஓட்டுவேன்.

ஆனால், கண்ணால் பார்த்துத் தாக்குவதால் தவறு நேராது என்ற வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. 2021 ஆகஸ்ட் 29ஆம் தேதி காபூலில் ஒரு வெள்ளைக் காரை அமெரிக்க வானூர்திகள் மணிக்கணக்கில் பின்தொடர்ந்தன. அதில் வெடிகுண்டு இருப்பதாக நினைத்துத் தாக்கினர். இறந்தவர்கள் ஓர் உதவி நிறுவன ஊழியரும் அவருடைய உறவினர்களும். மொத்தம் பத்துப் பேர், அவர்களில் எழுவர் பிள்ளைகள். மூன்று வாரத்துக்குள் அது தவறு என்று பென்டகன் ஒப்புக்கொண்டது. அன்று கேமரா பழுதாகவில்லை, ஏவுகணையும் குறி தப்பவில்லை. பார்த்ததை மனிதர்கள் தவறாகப் புரிந்துகொண்டார்கள்.

தெரியாமல் நடந்த தவறு அது. தெரிந்தே நடப்பது அதைவிடக் கொடுமை. உக்ரேனின் கெர்சோன் நகரத்துக்கும் ரஷ்யப் படைக்கும் இடையே டினிப்ரோ ஆறு ஓடுகிறது. ஆற்றுக்கு அப்பாலிருந்து வரும் வானூர்திகள் தெருவில் நடப்போரையும், மிதிவண்டியில் போவோரையும், அவசர மருத்துவ வாகனங்களையும் துரத்துகின்றன. ஓட்டுநர்கள் நேரலையில் பார்த்துக்கொண்டே பொதுமக்களைத் தாக்கியது மனிதகுலத்துக்கு எதிரான குற்றம் என்று 2025 மே மாதம் ஐநா விசாரணை ஆணையம் அறிவித்தது. அந்நகரச் சாலைகளுக்கு மேல் இப்போது வலை கட்டியிருக்கிறார்கள், மீன் பிடிக்க அல்ல, வானூர்தி பிடிக்க.

தற்காத்துக்கொள்ளும் தரப்பிலும் யோசிக்க வைக்கும் செய்தி உண்டு. எதிரிப் படையினரையும் வாகனங்களையும் தாக்கியதற்கான காணொளியை அனுப்பும் உக்ரேனியப் படைப்பிரிவுகளுக்குப் புள்ளிகள் கிடைக்கின்றன. அந்தப் புள்ளிகளைக் கொண்டு புதிய வானூர்திகளைப் பெறலாம். நன்றாகப் போரிடும் பிரிவுக்குக் கூடுதல் கருவி என்பது போர்க்காலத்தில் நியாயமான ஏற்பாடுதான். ஆயினும், கணினி விளையாட்டில் வளர்ந்த என் தலைமுறைக்குப் ‘புள்ளி’ என்ற சொல் என்ன செய்யும் என்பது எனக்குத் தெரியும். நானே அன்றிரவு ஆளைப் பார்க்காமல் எண்களைத்தானே பார்த்தேன்?

அடுத்த கட்டம் செயற்கை நுண்ணறிவு. சமிக்ஞை அறுந்தாலும் கடைசிச் சில நூறு மீட்டரைத் தானே பறந்து இலக்கைத் தாக்கும் வானூர்திகள் களத்துக்கு வந்துவிட்டன. இலக்கைத் தேர்ந்தெடுப்பதையும் இயந்திரத்திடம் விட்டுவிடலாமா என்பதே இப்போதைய கேள்வி. அப்படிப்பட்ட ஆயுதங்கள் பற்றிய தீர்மானம் ஒன்றுக்கு 2024 டிசம்பரில் ஐநா பொதுச் சபையில் 166 நாடுகள் ஆதரவளித்தன. மூன்று நாடுகள் எதிர்த்தன. கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் 2026க்குள் வேண்டும் என்று ஐநா தலைமைச் செயலாளர் வலியுறுத்தினார். சட்டம் நடந்து வருகிறது, தொழில்நுட்பமோ பறக்கிறது.

கை தூக்கியவர் பிழைத்தார்

அப்பாவின் கேள்விக்கு ஒரு பதில் 2023 மே மாதம் பாக்முட் நகருக்கு அருகே கிடைத்தது. பதுங்குகுழியில் தனித்து விடப்பட்ட ஒரு ரஷ்ய வீரர், தலைக்கு மேல் வட்டமிட்ட உக்ரேனிய வானூர்தியைப் பார்த்துக் கைகளால் சைகை காட்டி உயிர்ப்பிச்சை கேட்டார். திரைக்கு அப்பால் இருந்தவர்கள் அதைக் கவனித்தார்கள். அடுத்துக் குண்டு விழவில்லை. சரணடைய விரும்பினால் பின்தொடரும்படி எழுதிய ஒரு குறிப்பு விழுந்தது. வானூர்தி வழிகாட்ட, குண்டுகள் விழுந்துகொண்டிருந்த நிலத்தைக் கடந்து அவர் நடந்தார். போர்க்கைதியாக உயிர் பிழைத்தார்.

துப்பாக்கி ஏந்திய அப்பாவின் தலைமுறைக்குக் கற்றுத்தரப்பட்ட பாடம்தான் அது. சரணடைபவரையும் போரிட முடியாமல் காயமடைந்தவரையும் தாக்கக் கூடாது. 1949ஆம் ஆண்டு ஜெனீவா ஒப்பந்தங்கள் சொல்வதும் அதையே. ஆயுதம் மாறியதால் அந்த விதி மாறிவிடவில்லை. ஆனால், இயந்திரம் அந்தச் சைகையைப் புரிந்துகொள்ளுமா? புள்ளி எண்ணும் மனம் அதைக் கவனிக்குமா?

முன்பெல்லாம் ஒரு தாக்குதலுக்கு விமானி உயிரைப் பணயம் வைக்கவேண்டும், அரசாங்கம் பெரும் பணத்தைச் செலவிடவேண்டும். அந்தச் செலவே ஒரு கடிவாளமாக இருந்தது. இரண்டு முறை யோசிக்க வைத்தது. விலை விழுந்தபோது அந்தக் கடிவாளமும் அறுந்துவிட்டது. அதன் இடத்தில் சட்டத்தையும் மனசாட்சியையும் தவிர வேறு எதை வைக்க முடியும்? அந்த மனசாட்சி யாருடையது? கட்டுப்பாட்டுக் கருவியைக் கையில் பிடித்திருப்பவருடையது. உக்ரேனிலும் ரஷ்யாவிலும் அவர்களில் பலர் நம் வயதினர்.

எனவே, இளையர்களாகிய நமக்கு இரண்டு வேலைகள் உண்டு. ஒன்று, இந்தத் தொழில்நுட்பத்தை நன்றாகக் கற்பது. மற்றொன்று, அது எதற்குப் பயன்படலாம், எதற்குப் பயன்படக் கூடாது என்பதையும் அதே அக்கறையுடன் கற்பது. வானூர்தி செய்யக் கற்றுத்தரும் வகுப்புகளில் போர்ச் சட்டம் பற்றி ஒரு மணி நேரமாவது பேசலாம். பொறியியல் மாணவர்கள் தங்கள் மென்பொருள் எங்கே போய்ச் சேருகிறது என்று கேட்கலாம். பாட்டைச் சேர்த்து, சிரிப்புப் படங்களோடு பகிரப்படும் போர்க் காணொளிகளைப் பகிராமல் நிறுத்தலாம். இந்த மூன்றாவது இன்றிரவே முடியும். அந்தப் படம் அறுந்த இடத்தில் ஒரு குடும்பத்தின் மகன் இருந்தான்.

அன்று வந்த காணொளியை நான் மீண்டும் ஒருமுறை பார்த்தேன், இம்முறை எண்களைப் பார்க்காமல். அவர் திரும்பிப் பார்த்தபோது வலக்கை சற்று உயர்ந்ததுபோல் இருந்தது. ஓடும்போது நிலைதடுமாறியதாலா, இல்லை வேறு எதற்காகவா என்று சொல்ல முடியவில்லை. அதற்குள் படம் அறுந்துவிட்டது.

அடுத்த ஆண்டு என் கையில் ஒரு கட்டுப்பாட்டுக் கருவி தரப்படலாம். அன்று, திரையின் ஓரத்து எண்களைப் பார்ப்பதற்கு முன் நடுவில் நிற்கும் மனிதரைப் பார்க்கும் பழக்கம் எனக்கு வந்திருக்கவேண்டும். அதற்கான பயிற்சியை இப்போதே தொடங்கிவிட்டேன்.